கருச்சிதைவுக்குப் பின் கணவருக்கும் பரிசோதனை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுங்காவில் வசிக்கும் என் தங்கைக்குப் பதினாறு மாதங்களில் இருமுறை கரு கலைந்தது. இரண்டாவது முறை நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில், பழைய ஸ்கேன் அறிக்கைகள் அடங்கிய பிளாஸ்டிக் உறையை அவள் மேசைமேல் வைக்க, மருத்துவர் அதைப் பிரிக்காமலேயே "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார். ஊரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆறுதலோ, பப்பாளி தின்றாயா, லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு போனாயா என்ற விசாரணையாகவே இருந்தது. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் குறைபாட்டால் கலைபவை என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கரு நன்றாகவே தங்கும். ஆனால் இருமுறை நேர்ந்த பிறகு, தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைதலோடு தொடர்புடைய ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள், கருப்பையின் அமைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கணவரும் உடன் செல்வது நல்லது. குரோமோசோம் பரிசோதனை தேவைப்பட்டால் அது இருவருக்கும்தான். (எங்கள் மாப்பிள்ளை முதலில் "எனக்கு எதற்கு?" என்றுதான் கேட்டார்.)

கருச்சிதைவுக்குப் பின் ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு பெறச் சட்டத்திலேயே வழி இருக்கிறது; அது தெரியாமல் என் தங்கை பத்தாம் நாளே அலுவலகம் போனாள்.

ஒரு வாசகி,
மும்பை