பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் அனுப்பப்படும்.

கொடியேற்றம், ஆசிரியர் தினம், பொங்கல் விளையாட்டுப் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய உறுப்பினர் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன.

இவ்வாண்டின் முதன்மைப் பணி பல் நலத் திட்டம். "பல் விளக்குவது வீட்டு வேலை, அதற்குச் சங்கப் பணமா?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். பதில் சொல்ல அன்று எனக்கு நேரம் தரப்படவில்லை, இப்போது சொல்கிறேன். நம் தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்துவிட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகும்போதே பல் கெட்டுப் பழுப்பேறுகிறது. அது அழுக்கு அன்று, தேய்த்தால் போகாது. இது தெரியாமல் வகுப்பில், "பல் விளக்காமலா வந்தாய்?" என்று கேட்கப்பட்ட நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, செங்கல் பொடியால் தேய்த்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டாள். செய்யுள் ஒப்பிக்கும்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள்.

அதனால்தான் பயிற்சியை ஆசிரியர்களிடமிருந்து தொடங்கினோம். அரசு பல் மருத்துவர் ஒருவர் வந்து, கறை எது, சொத்தை எது என்று காட்டிக்கொடுத்தார். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லையும் 'விழுந்து முளைக்கும்' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது போனால் போனதுதான். இப்போது வகுப்பாசிரியர்கள் மாதந்தோறும் வாயைப் பார்த்து, சொத்தை தெரிந்தால் வீட்டுக்குச் சீட்டு அனுப்புகிறார்கள். காலை உணவு முடிந்ததும் இரண்டாம் வகுப்பு ஆசிரியை தாமே பிரஷ்ஷுடன் குழாயடியில் நின்று, பட்டாணி அளவு பற்பசை போதும், விழுங்காமல் துப்ப வேண்டும் என்று செய்து காட்டுகிறார். அந்தச் சிறுமி இப்போது செங்கல் பொடியைத் தொடுவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கைக்குப் பின் வைப்பார். சுருங்கச் சொன்னால், கையிருப்பைவிட வரவேண்டிய பாக்கி அதிகம். பிரஷ் வாங்கியே பணம் கரைந்தது என்பது சரியன்று. ஷாமியானாவுக்கும் பொன்னாடைக்கும் ஆன செலவு அதைவிடக் கூடுதல். சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. ஓசூரிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்புவதோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள்.

மருத்துவருக்கும், ஆசிரியர்களுக்கும், நாற்காலி தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

மூன்று மாதத்துக்கொருமுறை பிரஷ் மாற்றியாக வேண்டும். கடந்த முறை பற்றாக்குறைக்கு அந்த ஆசிரியை தம் கைப்பணத்தைப் போட்டிருக்கிறார். அவர் சொல்லவில்லை, கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. ஜூனில் பள்ளி திறக்கிறது. அப்போதும் அவரே போடட்டும் என்று பொதுக்குழு கருதினால் எனக்கு வேறு சொல்வதற்கில்லை.

தேநீர் இடைவேளையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்