அந்தத் தண்ணீர் பாட்டிலை நினைத்து அழாதே

கண்ணு,

ராத்திரி ரெண்டு மணிக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "அவள் பாட்டிலில் தண்ணி குடிக்காம இருந்திருந்தா எனக்கு இது வந்திருக்காதாம்மா?" என்று உன் ரூம்மேட்டை நினைத்துக் கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், தூக்கம் வராவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

எச்சில் வழியாகப் பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நீ படித்தது பொய் இல்லை. உனக்கு எம்.எஸ்., அதாவது எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்குகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், என்று சொன்ன நாளிலிருந்து நானும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அவ்வப்போது எடுத்த ரத்தத்தில் மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதை வைத்து ஹார்வர்டு ஆட்கள் ஒரு கோடிப் பேருக்கும் மேல், இருபது வருஷக் கணக்கைப் பார்த்து 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். எம்.எஸ். வந்தவர்களில் 801 பேருடைய ரத்தம் அவர்களிடம் இருந்தது. அதில் 35 பேருக்கு ஆரம்பத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உடம்பிலேயே இல்லை. அந்த 35 பேரில் 34 பேருக்கு முதலில் அந்த வைரஸ் வந்து, அதற்கு அப்புறம்தான் எம்.எஸ். வந்திருக்கிறது. வைரஸ் வந்தவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு கூடுகிறது. இதே மாதிரி எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸையும் சேர்த்தே பார்த்தார்கள், அதனால் ஆபத்து கூடவே இல்லை. அதனால்தான் எப்ஸ்டீன்-பாரை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்.

இதுவரை படித்துவிட்டு நீ போனை மூடி வைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். மீதியையும் படித்திருக்க வேண்டும்.

உலகத்தில் பெரியவர்கள் நூறு பேரை நிறுத்தி ரத்தம் பார்த்தால் ஏறக்குறைய 95 பேருக்கு இந்த வைரஸ் இருக்கும். எனக்கும் இருக்கும், அப்பாவுக்கும் இருக்கும், உனக்கு மருந்து ஏற்றுகிற நர்ஸுக்கும் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே, வீட்டில் யாராவது கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வந்து, ஒரு சளி மாதிரிகூடக் காட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் பி செல்கள் என்கிற வெள்ளை அணுக்களுக்குள் ஆயுசு முழுக்க அங்கேயே இருக்கும். உலகம் முழுக்க எம்.எஸ். உள்ளவர்கள் 28 லட்சம் பேர் என்று 2020 கணக்கு. வைரஸ் இருப்பவர்களோ கோடிக்கணக்கில். அப்படியென்றால் அந்த பாட்டில் இல்லாவிட்டால் இன்னொரு பாட்டில், இன்னொரு டம்ளர், எப்படியாவது வந்துதான் இருக்கும்டா. இது இல்லாமல் எம்.எஸ். வருவது அபூர்வம், ஆனால் இது மட்டும் இருந்து எம்.எஸ். வருவதில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன், எப்படியும் நீ தேடிப் படித்துவிடுவாய். குழந்தையில் வராமல் பதினாறு பதினேழு வயதில் வந்தால் சிலருக்கு அது மோனோ என்கிற காய்ச்சலாக வரும், கழுத்தில் நெறி கட்டி, தொண்டை எரிந்து, வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல், உனக்கு வந்த மாதிரியே. அப்படி வந்தவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றாலும் அது மிகச் சின்ன எண்ணின் இரண்டு மடங்குதான், மோனோ வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் எம்.எஸ். இல்லாமலே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். பரம்பரை, வைட்டமின் டி குறைவு, சிகரெட், பருவ வயதில் உடல் பருமன் என்று பல கைகள் சேர்ந்து தள்ளுகின்றன. ஒரே மாதிரியான இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால்கூட மற்றவருக்கு வருவது நாலில் ஒரு பங்கு போலத்தான்.

எப்படி நடக்கிறது என்று கேட்டாயே, எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, அதே 2022-ல், வைரஸின் ஒரு புரதத்தில் ஒரு துண்டும் மூளையில் இருக்கும் கிளியல்காம் என்கிற புரதத்தில் ஒரு துண்டும் ஒன்று போலவே இருப்பதைக் காட்டினார்கள். வைரஸை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி ஆள் மாறாட்டத்தில் நம் நரம்பைச் சுற்றிக் காக்கிற மையலின் உறையையே அடிக்கிறது. எல்லோருக்கும் இதே வழியில்தான் வருகிறது என்று அர்த்தமில்லை, ஆனால் இது ஒரு வழி. உன் உடம்பு சோம்பி இருந்து இது வரவில்லை, அது தன் வேலையைச் செய்யப் போய்த்தான் தப்பு நடந்திருக்கிறது.

அந்தச் சோம்பல் என்கிற வார்த்தைக்கு வருகிறேன். மோனோ வந்து அஞ்சாவது வாரம் நீ போர்வைக்குள்ளிருந்து எழுந்திருக்கவில்லை, நான் வாசலில் நின்று "காய்ச்சல் விட்டு எத்தனை நாளாச்சு, இன்னும் என்ன சோம்பேறித்தனம், பரீட்சை இருக்கு" என்று கத்தினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்தப் போர்வையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. நரம்பியல் டாக்டரிடம் தனியாகப் போய், அன்றைக்கு நன்றாகப் படுக்க விட்டிருந்தால் தப்பித்திருப்பாளா என்று கேட்டேன். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். ஆனாலும் அந்த வார்த்தையை உன்னிடம் சொன்னதற்கு மன்னித்துவிடு.

அப்புறம் ஆறு வருஷம் கழித்து, லீவுக்கு வந்தபோது மேசை மேல் கிடந்த சிவப்புப் பேனா மூடியை இடது கண்ணை மூடிப் பார்த்தாய், வலது கண்ணை மூடிப் பார்த்தாய், "ஒரு கண்ணுல இது வெளுத்துத் தெரியுதும்மா" என்றாய். முதலில் பார்த்த கண் டாக்டர் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார், நானும் நம்பினேன். கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் எம்.ஆர்.ஐ. வரை போனோம், எம்.எஸ். என்று தெரிந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வைரஸைக் கழுவி எடுக்கிறோம் என்று விற்கும் மாத்திரை, பொடி எதையும் வாங்காதே. பி செல்லுக்குள் ஒளிந்திருப்பதை வெளியேற்றும் மருந்து இன்னும் கிடையாது, தடுப்பூசியும் சோதனையில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உனக்கு ஏற்றுவது அந்த பி செல்களைக் குறைக்கிற மருந்துதான், அதைத் தவறவிடாதே. ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போட்டுக்கொள், வேறு எந்தத் தடுப்பூசி என்றாலும் உயிர் வைரஸ் உள்ளதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். காய்ச்சல் வந்தால் கண் மங்குவதும் கால் மரத்துப்போவதும் திரும்பி வந்த மாதிரி இருக்கும், சூடு இறங்கினால் போய்விடும், பயப்படாதே. காய்ச்சல் இல்லாமல் புதிதாக ஏதாவது வந்து ஒரு நாள் முழுக்க நின்றால் உடனே டாக்டருக்கு போன், எனக்கு அப்புறம்.

தம்பிக்கு வைரஸ் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம், இருக்கிறது என்றுதான் வரும், அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூடப்பிறந்தவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வருகிறது. அவன் சிகரெட்டை விடட்டும், அக்கா சொன்னால் கேட்பான், நீயே சொல்.

அவள் போன வாரம் எனக்கு போன் செய்தாள், உன் ரூம்மேட்தான். மூன்று மாதமாக நீ பதில் போடவில்லை என்றாள், தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டாள், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. உன் புது நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், எடு.

அம்மா