கணவரின் கிரீன் கார்டு மனுவைக் கேட்காமலும் காட்டாமலும் நிரப்பி அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
குடியேற்றப் படிவச் சேவைப் பிரிவு

பொருள்: ஐ-130 மனுவில் நேர்ந்த பிழைகள், கட்டணத்தைத் திருப்பித் தருதல், அசல் ஆவணங்களை ஒப்படைத்தல் தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். தமிழ்நாட்டில் இருக்கும் என் கணவரை இங்கே அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவையும் அதோடு சேர்ந்த, கணவரின் விவரங்களைக் கேட்கும் ஐ-130ஏ படிவத்தையும் தயாரித்துத் தரச் சொல்லி, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி, உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். தமிழிலேயே பேசிக் கேட்டு நிரப்புவோம் என்று நீங்கள் சொன்னதுதான் நான் உங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம்.

மனு போய்ப் பல மாதங்கள் கழித்து, குடியேற்றத் துறையிலிருந்து ஆர்.எஃப்.இ. எனப்படும், கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம் வந்தது. என் முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கான சான்று எங்கே என்று அதில் கேட்டிருந்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அந்த விவாகரத்துத் தீர்ப்பின் நகலை முதல் வாரத்திலேயே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். கிடைத்தது என்று உங்கள் ஊழியர் பதிலும் போட்டிருந்தார்.

அனுப்பிய மனுவின் முழு நகல் வேண்டும் என்று கேட்டேன். நான்கு முறை கேட்ட பிறகுதான் தந்தீர்கள். அன்றுதான் என் சொந்த மனுவை முதன்முதலாக முழுசாகப் படித்தேன். எத்தனை முறை திருமணம் ஆகியிருக்கிறது என்ற கேள்விக்கு எதிரே 1 என்று அடித்திருந்தது. உங்கள் ஊழியரை அழைத்தேன். "முடிஞ்சுபோன கல்யாணம்தானே மேடம், அதைப் போட்டா தேவையில்லாம கேள்வி வரும்னு விட்டுட்டோம்" என்றார். அந்தத் திருமணத்தை என் குடியுரிமை விண்ணப்பமான என்-400-இல் நானே எழுதியிருக்கிறேன். அதே துறை, அதே கோப்பு எண். அங்கே இரண்டு, இங்கே ஒன்று என்றால் பொய் சொன்னவள் யார் என்று நினைப்பார்கள்? உங்கள் ஊழியரையா நினைப்பார்கள்?

நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பினீர்கள். "இதை அச்செடுத்துக் கறுப்பு மையில் கையெழுத்திட்டு இன்றே அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதுதான் அந்த மின்னஞ்சலில் இருந்த முழு வாசகம். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. மனுவில் உள்ளதெல்லாம் உண்மை, பொய்யாக இருந்தால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று சொல்லும் பக்கம் அது. அந்த உறுதிமொழிக்குக் கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, எதற்கு உறுதி கொடுக்கிறேன் என்பதை என் கண்ணில் காட்டவே இல்லை.

இதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. மனுதாரர் அல்லாத வேறொருவர் படிவத்தைத் தயாரித்தால், அவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட ஐ-130-இல் தனிப் பகுதியே இருக்கிறது. என் நகலில் அது வெறுமையாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள்தான் நிரப்பினீர்கள், பணமும் வாங்கினீர்கள். ஆனால் காகிதத்தின்படி இதை நானே தட்டச்சு செய்ததாக ஆகிறது. வழக்கறிஞரோ, அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ அல்லாதவர்கள், வாடிக்கையாளர் சொல்வதை எழுதித் தரலாமே ஒழிய எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று தீர்மானிக்கக் கூடாது. என் திருமணங்களின் எண்ணிக்கையை உங்கள் ஊழியர் தீர்மானித்திருக்கிறார்.

என் கணவரின் பகுதியும் இப்படித்தான். அவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் இருக்கிறது. ஐ-130-இல் கடவுச்சீட்டில் உள்ளபடி போட்டவர்கள், ஐ-130ஏ-வில் தலைகீழாக மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கடைசி 5 ஆண்டுகளில் இருந்த முகவரிகளைக் கேட்கும் இடத்தில், அவர் ஷார்ஜாவில் வேலை பார்த்த இரண்டு வருடம் அப்படியே காணாமல் போயிருக்கிறது. நாளைக்கு விசா கட்டத்தில் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த இரண்டு வருடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடு என்பதால் அங்கிருந்து காவல்துறைச் சான்றும் வாங்க வேண்டும். அப்போது முன்னே எழுதியதும் பின்னே எழுதியதும் முட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கும் துணைவர் ஐ-130ஏ-வில் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது உண்மைதான். அதற்காக அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நிரப்பிவிடலாமா?

துணைவரின் தாய்மொழிக்கு ரோமன் எழுத்து இல்லையென்றால், பெயரையும் முகவரியையும் அவர் எழுதும் மொழியிலேயே எழுதச் சொல்லி ஒரு கட்டம் வருகிறது. என் கணவரின் பெயரை அங்கே இந்தி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அவருக்கு இந்தி எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நகலை அவருக்கு அனுப்பியபோது, "இது யார் பேரு?" என்று கேட்டார். தமிழில் பேசி நிரப்பித் தருவதாகச் சொன்ன இடத்தில், தமிழ் எழுத வேண்டிய ஒரே கட்டத்தில் இது நடந்திருக்கிறது.

திருமணச் சான்றின் மொழிபெயர்ப்பும் அரைகுறைதான். முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்திருக்கிறேன், எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழி இணைக்கப்படவில்லை. பின்பக்கத்து முத்திரை வாசகத்தைத் தொடவே இல்லை.

ஆர்.எஃப்.இ.க்குப் பதில் தர விதிப்படி அதிகபட்சம் 12 வாரம்தான். நீட்டிப்புக் கிடையாது. கேட்டதையெல்லாம் ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் மூன்று வாரத்தை, "சீனியர் பார்த்துட்டு கூப்பிடுவாங்க" என்று சொல்லியே கழித்தீர்கள். அதற்கு மேல் காத்திருக்க எனக்குத் துணிவில்லை. ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வரவழைத்து, பிழைகள் ஒவ்வொன்றையும் விளக்கி நானே கடிதம் எழுதி, கெடுவுக்குள் அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. எங்களுக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது பதினேழு நாள்.

கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். பிழைகளைச் சரிசெய்ய வழக்கறிஞருக்கு நான் கொடுத்ததையும் ஏற்க வேண்டும். அதற்கான ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கும் என் அசல் திருமணச் சான்றையும் கணவரின் பிறப்புச் சான்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த மனுவை நிரப்பியவர் யார், முந்தைய திருமணத்தை விட்டது என் சொல்லால் அல்ல என்பதை உங்கள் நிறுவனத்தின் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். பணத்தைவிட எனக்கு அந்தக் கடிதம்தான் முக்கியம். நாளை நேர்காணலில் என் கணவரிடம் யாராவது இதைக் கேட்டால், காட்டுவதற்கு அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் அனுப்பி வாங்குவது உங்கள் வழக்கம் என்றால், என்னைப் போல இன்னும் பலர் தங்கள் மனுவைப் பார்க்காமலே காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் முழு நகலை உடனே அனுப்புங்கள். ஆர்.எஃப்.இ. வருவதற்கு முன்பே பிழையைத் தெரிந்துகொள்ள அவர்களுக்காவது வாய்ப்புக் கிடைக்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், மின்னஞ்சல்களையும் மனுவின் நகலையும் இணைத்து, மத்திய வர்த்தக ஆணையத்திலும் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் பதிவு செய்வேன். பதில் எழுத்திலேயே வரட்டும். தொலைபேசியில் சொல்லும் எதையும் இனி ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மனுவின் நகல், ஆர்.எஃப்.இ. கடிதம், உங்கள் ஊழியரின் மின்னஞ்சல்கள், கட்டண ரசீதுகள்