மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நேற்று இங்கே பகிரப்பட்ட கோப்பில் 40 பேருடைய மின்னஞ்சல் முகவரிகள் அவர்களிடம் கேட்காமலேயே இடம்பெற்றிருந்தது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது. அதை நீக்கிவிட்டேன், பதிவிறக்கியவர்களும் தங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிட வேண்டுகிறேன். ஒரே மடலைப் பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை ‘டூ’ அல்லது ‘சிசி’ கட்டத்தில் இட்டால் ஒவ்வொருவருக்கும் மற்ற அனைவரின் முகவரியும் தெரியும். அம்மடலை ஒருவர் ஃபார்வேர்டு செய்தால் அந்தப் பட்டியலும் கூடவே போய், முன்பின் அறியாதவர் கையில் சேர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, பெறுபவர்களுக்கு மற்றவர் முகவரியைக் காட்டாத ‘பிசிசி’ கட்டத்தில் இடுங்கள். விளம்பர மடல்கள் சிலவற்றில் கண்ணுக்குப் புலப்படாத, புள்ளியளவேயான படம் ஒன்று இருக்கும். மடலைத் திறந்ததும் அது ஏற்றப்பட்டு, நம் முகவரி புழக்கத்தில் உள்ளதென்று அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால், படங்கள் தானாக ஏறுவதை அமைப்புகளில் நிறுத்திவையுங்கள்.