கொட்டேஷனின் கடைசி வரி: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடைக்கார நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் கொடுக்கும் கொட்டேஷன்களைத் தினமும் பார்க்கிறவன் நான். பிராசசர் எந்த மாடல், ரேம் எத்தனை ஜிபி, கிராபிக்ஸ் கார்டு எந்தக் கம்பெனி என்று எல்லாம் விவரமாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் பெரும்பாலும் '450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்' என்று முடிந்துவிடும். வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றித் தரும் பவர் சப்ளைதான் எஸ்எம்பிஎஸ். கம்பெனி பெயர் கிடையாது, மாடல் கிடையாது. கேபினெட்டோடு சேர்ந்து வந்தது என்றால் அந்த வரிகூட இருக்காது. சர்வீஸ் டேபிளுக்கு வருகிற சிஸ்டங்களில் பாதி வழக்கு அந்த வரியில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் கொண்டு வந்த சிஸ்டத்தைச் சொல்கிறேன். ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. ஆல்பம் டிசைன் பண்ணும்போது ஒரு தொந்தரவும் இல்லை. எடிட் செய்த கல்யாண வீடியோவை முழு ஃபைலாக உருவாக்க ரெண்டர் போட்டால் மட்டும் பட்டென்று அணைந்து தானாகவே ஆன் ஆகும். நீலத் திரை வராது, எர்ரர் மெசேஜும் வராது. வாங்கின கடையில் முதலில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் ரேமை மாற்றினார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றதும் 'மதர்போர்டு போயிருக்கும்' என்றார்கள். முகூர்த்த மாதத்தில் ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் முன்பணம் வாங்கி வைத்திருந்த மனிதர் அவர்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் பெரிதாக 450 என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்ப். பெருக்கிப் பாருங்கள்: 168 வாட்ஸ். அந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கே 170 வாட்ஸ் வேண்டும். பிராசசர் டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், ஓடினால் 117 வாட்ஸ் வரை போகும். மொத்தம் 287. இரண்டுமே 12 வோல்ட் லைனை நம்பி இருப்பவை. அந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் சப்ளை வேண்டும் என்று அதன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவே எழுதி வைத்திருக்கிறது. நல்ல 550 வாட்ஸ் ஒன்றை மாட்டியதும் அதே ரெண்டர் கடைசி வரை ஓடியது. ரேமும் மதர்போர்டும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தன.

எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டோடு 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களையும் தருகிறது. அவை அதிக வேலை பார்த்தது பென்டியம் 3 காலத்தில். 2000-இல் பென்டியம் 4-க்காக ஏடிஎக்ஸ்12வி என்ற பவர் சப்ளை விதிமுறை வந்ததிலிருந்து சுமையில் பெரும்பகுதி 12 வோல்ட் பக்கம் நகர்ந்துவிட்டது. ஸ்டிக்கரில் உள்ள எல்லா லைனையும் கூட்டி ஒரு பெரிய எண் போட்டுக்கொள்வதில் இன்றைய சிஸ்டத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஏன் எர்ரர்கூட வராமல் அணைகிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் தயவுசெய்து விளக்கிச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு சாம்பல் நிற வயர் போகிறது. 'கரண்ட் சரியாக இருக்கிறது' என்று சொல்வது அதன் வேலை. சுமை ஏறி வோல்டேஜ் இறங்கியதும் அந்த சிக்னல் நின்றுபோகும், போர்டு அந்த நொடியே ரீசெட் ஆகிவிடும். பிழையை எழுதி வைக்க விண்டோஸுக்கு நேரமே கிடைப்பதில்லை. மறுபடி ஆன் ஆன பிறகு விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில், சரியாக மூடாமல் அணைந்தது என்று சொல்லும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவும், அதன் விவரத்தில் பக்செக் கோடு 0 (பிழை எண் எதுவும் பதிவாகவில்லை) என்பதும் இருக்கும். அதை மட்டும் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதும் உண்மை. லூஸ் பிளக், பிராசசர் சூடு என்று வேறு காரணங்களாலும் அது வரும். ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டாமா?

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஆன் செய்ய அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து, ஃபேன் சுற்றினால் 'சப்ளை ஓகே' என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுமையே இல்லாமல் எதுவும் ஓடும். ஃபர்மார்க், ஓசிசிடி மாதிரி முழுச் சுமை கொடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டு, 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். 11.4-க்குக் கீழே போனால் ஏடிஎக்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மீட்டரில் சரியாகவே காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், கிராபிக்ஸ் கார்டு மில்லி செகண்டுகளில் இழுக்கும் திடீர் இழுப்பைச் சாதாரண மீட்டர் பிடிக்காது. கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து அதே வேலையைக் கொடுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்புறம் நல்ல சப்ளை ஒன்றை மாட்டிப் பார்த்து உறுதி செய்யலாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. கரண்ட் போனால், யுபிஎஸ் இருந்தும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாக்குப்பிடிக்க ஏடிஎக்ஸ் விதிப்படி சப்ளைக்கு 16 மில்லி செகண்டாவது தெம்பு வேண்டும். மலிவு சப்ளையில், மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்து வைக்கும் கபாசிட்டரைச் சின்னதாகப் போட்டு மிச்சம் பிடித்திருப்பார்கள். பழி யுபிஎஸ் மேல் விழுகிறது, பாவம் வாடிக்கையாளர் புது பேட்டரி வாங்குகிறார்.

போட்டி எவ்வளவு கடுமை என்பது எனக்குத் தெரியும். ஆன்லைன் விலையைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்கிறவரிடம் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர வேறு எதில் குறைப்பது என்று நீங்கள் கேட்கலாம். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள் என்று அவரிடமே சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். 75 வாட்ஸ் கார்டு நிம்மதியாக ஓடும் சிஸ்டம், 170 வாட்ஸ் கார்டு அணைந்து அணைந்து எரியும் சிஸ்டத்தைவிட எவ்வளவோ மேல்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: கொட்டேஷனிலும் பில்லிலும் எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பெனி, மாடல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்ப் என்பதை எழுதுங்கள். வாங்கும் பொருளின் தரத்தையும் அளவையும் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளரின் உரிமை. டெலிவரி கொடுக்கும் முன் அவர் கண் முன்னால் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டுங்கள். பழைய சிஸ்டத்துக்குப் புது கார்டு கேட்டு வருகிறவரிடம், உள்ளே என்ன சப்ளை இருக்கிறது என்று போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

கையில் மீதமிருக்கும் கேபினெட் சப்ளைகளை என்ன செய்வது என்றால், கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில்லிங் கவுன்டர் சிஸ்டங்களுக்கு, கபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று சோதித்து, 12 வோல்ட் ஆம்பை ஸ்டிக்கரில் காட்டிக் கொடுங்கள். கார்டு மாட்டப்போகும் சிஸ்டத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டங்களைச் சர்வீஸ் செய்யும் ஒருவன்