கன்று போதும், வேலியும் தண்ணீரும்தான் வேண்டும்

அன்புடையீர்,

எங்கள் சமூகத் தோட்டத்துக்கு உதவி என்று கேட்டதும் பெரும்பாலானோர் தருவது மரக்கன்றுதான். பிறந்தநாள் என்றால் கன்று, யாரையாவது நினைவுகூர வேண்டும் என்றால் கன்று, அலுவலகத்தில் விழா என்றால் ஒரு வண்டி நிறையக் கன்று. நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் நாற்றுப் பந்தலில் இப்போது கன்றுக்குப் பஞ்சமே இல்லை. பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடக்கின்றன. அதனால் இந்த முறை வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுகிறோம். கன்று வேண்டாம். வேலி கொடுங்கள், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் கொடுங்கள், தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு இரண்டு வருடக் கூலி கொடுங்கள்.

முதல் வருட அனுபவத்தைச் சொல்லாவிட்டால் இது ஏதோ நன்றிகெட்ட பேச்சாகத் தெரியும். அன்று நடுவதற்கு ஏகப்பட்ட பேர் வந்தார்கள். ஆளுக்கொரு குழி, கைதட்டல், படம் எடுப்பது எல்லாம் நடந்தது. அடுத்த வாரம் ஆடுகள் வந்தன. ஆடு தின்றது போக மிஞ்சியது கோடையில் கருகியது. கடைசியில் பிழைத்தவை, ஒரு பாட்டி தன் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் சுமந்து வந்து ஊற்றிய சில மரங்கள் மட்டும்தான். தவறு எங்கள் குழுவுடையது. நடுவதற்குத் திட்டம் போட்டோம், வளர்ப்பதற்குப் போடவில்லை.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கன்று வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை தருவார்கள், ஆனால் பிழைத்த கன்றுக்கு மட்டும். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது எல்லோரும் மரங்களின் எண்ணிக்கையைப் பேசினார்கள். எங்களுக்கு அந்தச் சிறு தொகைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இனி நாங்களும் அப்படித்தான் செய்யப்போகிறோம். நட்டதற்குக் கூலி கிடையாது. ஒரு கோடையைத் தாண்டி நிற்கும் மரத்துக்குத்தான் கூலி.

சரி, இந்தத் தோட்டம் எதற்கு? எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட வீடுகளின் அடுப்புக்காக. ஏ.ஆர்.டி. என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் வைரஸ் அடங்கிவிடும், மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் 'தவறாமல்' என்பதுதான் கஷ்டம். மருந்து வேலை செய்து உடம்பு தேறத் தொடங்கும்போது பசி திரும்பி வரும், அதுவும் நன்றாகவே வரும். வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும் என்று அன்றைய வேளையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் என்று விடுபட்டால் வைரஸ் மருந்துக்கு அசைந்துகொடுக்காமல் மாறிவிட வாய்ப்பு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூட்டிய நிபுணர் கூட்டம் ஒரு கணக்குச் சொன்னது. நோய் அறிகுறி எதுவும் இல்லாத நிலையிலும் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் கலோரி வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு 20 முதல் 30 சதவீதம். எடை குறைந்துகொண்டே போகும் குழந்தைக்கு 50 முதல் 100 சதவீதம். இதைப் படித்த பிறகுதான் எங்கள் பயிர்ப் பட்டியலை மாற்றினோம். முதலில் எல்லாப் பாத்தியிலும் கீரைதான் இருந்தது. கீரையில் சத்து உண்டு, ஆனால் கலோரி மிகக் குறைவுதானே! இப்போது சர்க்கரைவள்ளி, மரவள்ளி, வாழை, நிலக்கடலை, பயறு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மரங்களில் முருங்கைக்கும் பப்பாளிக்கும் முதலிடம், சில மாதங்களிலேயே பலன் தொடங்கிவிடும். கொய்யாவும் எலுமிச்சையும் மெதுவாக வரட்டும்.

வேலி ஓரத்தில் கிளைரிசிடியா மரத்தின் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத்துண்டுகளை, நெருக்கமாக நடுகிறோம். அவை வேர் பிடித்து அடர்ந்தால் அதுவே உயிர்வேலி, வெட்ட வெட்டத் தழைக்கும். தழை உரமாகும், குச்சி விறகாகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், காய்ச்ச விறகு வேண்டும், அந்த விறகுக்காக நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வெகுதூரம் நடப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அந்த நடை கொஞ்சம் குறைந்தாலும் லாபம். ஆனால் போத்து அடர இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை ஆட்டைத் தடுக்கக் கம்பி வேலி வேண்டும். நாங்கள் கேட்கும் வேலி இதுதான்.

அப்புறம் பாத்தி. எச்.ஐ.வி. பரவல் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் லெசோத்தோ ஒன்று. அங்கே பல வீடுகளின் பக்கத்தில் வட்டமான, கல் அடுக்கிய பாத்தி இருக்கும். மேலிருந்து பார்த்தால் சாவித்துளை மாதிரி ஒரு பக்கம் வெட்டு. நடுவில் ஒரு கூடை, அதில் சமையல் கழிவையும் கழுவிய தண்ணீரையும் கொட்டினால் மக்கி, சுற்றியுள்ள மண்ணுக்குச் சத்தும் ஈரமும் போய்ச் சேரும். இடுப்பு உயரம் என்பதால் குனிய வேண்டாம். உடம்பில் தெம்பில்லாதவரும் வயதானவரும் நின்றபடியே களை எடுக்கலாம். இதில் நாங்கள் கட்டிப் பார்த்த இரண்டு பாத்திகளும் நன்றாக வந்திருக்கின்றன. கல்லும் மண்ணும் சுமந்து கட்டுவது மட்டும் பெரும்பாடு. அதற்கு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும். பணம் தர இயலாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கல் சுமந்தால் அதையும் நன்கொடையாகவே எழுதிக்கொள்வோம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தோட்டத்தில் எதுவும் எச்.ஐ.வி.க்கு மருந்து அல்ல. மூலிகைத் தோட்டம் வைக்கலாமே, மாத்திரையே தேவைப்படாதே என்று யோசனை சொல்பவர்கள் வருகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் தென் ஆப்பிரிக்காவில் சுகாதார அமைச்சரே பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசிக்கொண்டிருந்தார், அரசு ஏ.ஆர்.டி. தருவது தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000க்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். பூண்டை நாங்களும் பயிரிடுகிறோம், குழம்புக்காக. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

மண்ணில் இறங்குபவர்களின் பாதுகாப்புக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை ரத்தத்தில் 200க்குக் கீழே இருப்பவர்கள் கோழிக்கூண்டு கழுவுவதையும் பறவை எச்சத்தைக் கிளறுவதையும் தவிர்க்க வேண்டும், பூஞ்சைத் தொற்று வரலாம். பூனை மலம் கலந்த மண்ணிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம். எனவே கையுறை, ரப்பர் காலணி, சோப்பு, கை கழுவக் குழாய். மக்காத சாணத்தைக் காய்கறிக்குப் போடுவதில்லை. இவையெல்லாம் சில்லறைச் செலவுதான், ஆனால் கேட்காமல் விட்டால் யாருக்கும் தோன்றாது.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். நன்கொடை தருபவர்களில் சிலர் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள், குடும்பத்தோடு நிற்கும் படம் கேட்கிறார்கள். தர மாட்டோம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வெளியே தெரிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும், பள்ளியில் குழந்தைக்குத் தனி பெஞ்சு விழும். தோட்ட வாசலில் பெயர்ப் பலகைகூட 'சமூகத் தோட்டம்' என்று மட்டும்தான். இதில் பாத்தி வைத்திருப்பவர்களில் பாதிக்கப்பட்ட வீட்டார் உண்டு, பேரக்குழந்தைகளை வளர்க்கும் முதியவர்கள் உண்டு, வெறுமனே தோட்ட ஆசையில் வந்தவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று குழுவிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். எல்லோரும் ஒரே மண்வெட்டியைத்தான் பிடிக்கிறார்கள், ஒரே குடத்தில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். மண்வெட்டியாலும் குடத்தாலும் இந்த வைரஸ் பரவாது, பறித்த காயாலும் பரவாது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு நாள் வந்து எங்களோடு களை எடுக்கலாம்.

கணக்கு பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஆள் படத்துக்குப் பதிலாக மரக் கணக்கு தருவோம். எத்தனை நட்டோம், எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன, ஏன் செத்தன, எல்லாம் இருக்கும். வரவு செலவு நோட்டை எந்த நன்கொடையாளரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

பணம் எந்த வரிசையில் போகும் என்றால், முதலில் வேலி. அது மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் இந்த வருட நடவும் ஆட்டுக்குத்தான். அடுத்து தொட்டி, சொட்டுநீர்க் குழாய். மூன்றாவது, கோடையில் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கூலி. அந்த வேலையைப் பாத்தி வைத்திருக்கும் வீடுகளிலிருந்தே ஒருவருக்குத் தருகிறோம். மீந்தால் இன்னும் சில சாவித்துளைப் பாத்திகள். மொத்தமாகத் தர முடியாதவர்கள் மாதாமாதம் சிறிது தந்தால் எங்களுக்கு அதுதான் இன்னும் வசதி, கூலி மாதாமாதம்தானே கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய குழாய், ட்ரம், கம்பிச் சுருள், மண்வெட்டி இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

பொருளாளரிடம் கொடுத்தால் அன்றே ரசீது கிடைக்கும். உங்கள் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், 'ஒரு நலம்விரும்பி' என்று எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
சமூகத் தோட்டக் குழுவினர்