பசளிக்குப் பசளை வேண்டாமடி

எடியே,

நீ அனுப்பின படம் பாத்தன். வட்ஸப்பில ரெண்டு வரி போட்டு விடுவம் எண்டுதான் இருந்தனான், பேந்து பாத்தா கதை கனக்க கிடக்குது, அதுதான் இவர் நித்திரையான பிறகு இருந்து எழுதுறன். நீளமாப் போகும், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்திருந்து வாசி.

முதல்ல உன்ர பசளிக்கீரை. கீழ் இலையெல்லாம் மஞ்சளாகுது, யூரியா போட்டன், இன்னும் மோசமாப் போச்சு எண்டு எழுதியிருந்தாய். பசளிக்குப் பசளை இல்லையடி பிரச்சினை, இடம்தான் பிரச்சினை. அந்தச் சாடியைத் தூக்கி அடியைப் பார், ஓட்டையால வெள்ளை வேர் எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறது எனக்குப் படத்திலேயே தெரியுது. தண்ணி ஊத்தினா ஊத்தின கையோட அடியால ஓடுது எண்டும் நீதானே சொன்னாய், அப்ப உள்ளுக்க மண் எங்க இருக்கு, முழுக்க வேர், தண்ணியைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை, அதுக்குள்ள யூரியாவையும் கொட்டினா வேர் கருகாமல் என்ன செய்யும்?

போன கிழமை நானும் ஒரு பெயின்ற் வாளியைக் கவிட்டனான். பொன்னாங்காணி, ஒண்டரை வருசமா அதுக்குள்ளயே நிண்டது, எவ்வளவு தண்ணி விட்டாலும் பின்னேரம் வாடிப்போய்க் கிடக்கும். வாளியைச் சரிச்சு, சுத்திவரத் தட்டி, மெல்ல இழுத்தா அப்பிடியே வாளி மாதிரியே வந்திட்டுது, பெரிய இடியப்பம் ஒண்டு மாதிரி வேர் சுத்திச் சுத்தி. வாளி அடியில இருந்த எழுத்துக்கூட வேரில பதிஞ்சு கிடந்ததடி, கண்ணாடியில பாக்கிற மாதிரித் தலைகீழா. பேரன் அதை எழுத்துக்கூட்டி வாசிச்சுச் சிரிச்சவன்.

நீ கேப்பாய், ரெண்டு ஏக்கர் காணி வைச்சிருக்கிறவள் ஏன் வாளிக்குள்ள கீரை வைக்கிறாள் எண்டு. மயிலடி, மயில். விடியப்புறம் அஞ்சாறு வந்து நிண்டு தண்டுக்கீரைப் பாத்தியைக் கொத்தி மொட்டையாக்கிப்போட்டுப் போகும், அதுகள் விட்டதைக் கட்டாக்காலி மாடு, மாடு விட்டதைக் குரங்கு. போதாக்குறைக்கு இந்தச் சோளகக் காத்து தொடங்கினா நிலம் வெடிச்சுப் போகுது, கிணத்திலயும் தண்ணி கீழ இறங்கீட்டுது. விறாந்தையில பத்துப் பன்ரெண்டு வாளி எண்டால் அரிசி கழுவின தண்ணியே காணும். எல்லாரும் சிரிக்கினம், சிரிக்கட்டும், நான் காசு குடுத்துக் கீரை வாங்கி எத்தினையோ மாசம்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்லுறன். யூரியா போட்டிட்டாய் தானே, அதால நாளைக்கு நல்லா தண்ணியை ஊத்தி ஊத்தி அடியால ஓடவிடு, இருக்கிற உப்பெல்லாம் கழுவுப்படட்டும். ரெண்டு நாள் விட்டு, பின்னேரம் வெயில் சாஞ்ச பிறகு மாத்து. காலமை பத்து மணிக்கு மாத்தாத, நான் போன ஆடியில அப்பிடி மாத்தித்தான் ஒரு வரிசைத் தண்டுக்கீரையைச் சாகக் குடுத்தனான், கச்சான் காத்து மாதிரி அனல் அடிச்ச நாள், பின்னேரமே எல்லாம் படுத்திட்டுது. அதோட பச்சைச் சாணியையும் அடியில போட்டனான், மூளை கெட்ட வேலை, அது புளிச்சு சூடாகி வேரை அவிச்சுப்போடும். எரு எண்டால் நல்லா உக்கி, கையில எடுத்தா மண் மணம் மணக்கோணும்.

மாத்திறதுக்கு முதல் கீரையை ஆய்ஞ்சு எடு. இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தனான், கனபேர் இதைச் செய்யிறேல்ல, இலை போயிடுமே எண்டு பாவம் பாக்கினம். மாத்தேக்க மயிர் மாதிரி இருக்கிற குட்டி வேர் எல்லாம் அறும், தண்ணி உறிஞ்சிறதே அதுகள்தான், ஆனா மேல இருக்கிற இலை அதைப் பாக்காமல் வழமை மாதிரித் தண்ணியை ஆவியா விட்டுக்கொண்டே இருக்கும். அப்ப இலையில பாதியைக் குறைச்சாத்தான் மிஞ்சின வேருக்குத் தாங்கும். ஆய்ஞ்சதைப் பருப்போட போட்டுக் கறி வை. என்ர வீட்டில வாளி மாத்திற நாள்தான் கீரைக்கறி நாள், இவர் சோத்துக் கோப்பையைப் பாத்திட்டே "எந்த வாளி இண்டைக்கு?" எண்டு கேப்பார்.

வெளிய எடுக்கேக்க தண்டில பிடிச்சு இழுக்காத, மண்ணோட சேத்து ஏந்து. அடியில சுத்தினதைக் கத்தியால ஒரு விரல் மொத்தத்துக்குச் சீவி விடு, பக்கத்தில மூண்டு நாலு கீறல், பயப்பிடாத, சுத்தின வேர் புதுச்சாடிக்க போனாலும் சுத்திக்கொண்டேதான் நிக்கும். அதே ஆழத்தில வை. நீல பரலுக்குள்ள வைக்கட்டோ எண்டு கேட்டாய், வேண்டாமடி, சின்ன வேருக்குக் கனக்க மண் எண்டால் ஈரம் காயாமல் கிடந்து வேர் அழுகும். இப்ப இருக்கிறதை விட மூண்டு நாலு இஞ்சி அகலம் கூடினது காணும்.

மண்ணுக்கு, ரெண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புச்சோறு, அதுதான் தேங்காய்த் தும்பு அடிக்கேக்க விழுற தூள். தும்புச்சோத்தை ஊறப்போட்டு ரெண்டு தரம் அலசு. வெறும் செம்மண்ணை மட்டும் போட்டிடாத, எங்கட செம்மண் நிலத்தில தங்கம், வாளிக்க போட்டுக் காஞ்சா செங்கல். நட்ட பிறகு நாலு நாளைக்கு மாடியில தென்னோலைக் கிடுகு ஒண்டு சாத்தி நிழல் குடு, ரெண்டு கிழமைக்குப் பசளைப் பக்கமே போகாத, கூட்டெருவே போதும். 2021இல அரசாங்கம் இரசாயன உரத்தை நிப்பாட்டேக்க நாங்கள் குப்பை கிடங்கு வெட்டித்தானே சமாளிச்சனாங்கள். அடுத்த வருசம் கந்தோர்காரருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டவை, வீட்டில தோட்டம் செய்யச் சொல்லி, உன்ர மனிசன் அந்த வெள்ளியெல்லாம் நித்திரை கொண்டது எனக்கு மறக்கேல்ல, சொல்லிவிடு.

எல்லாக் கீரைக்கும் இந்தக் கூத்து இல்லை. முளைக்கீரையை மாத்தவே மாத்தாத, அதுக்கு நேர்வேர், விதைச்ச இடத்திலயே ஒரு மாசத்தில பிடுங்கித் திண்டிட வேணும். வல்லாரைக்கு ஆழம் வேண்டாம், அகலம்தான் வேணும், கொடி ஓடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும், நான் வெடிச்ச குளிக்கிற பேசின் ஒண்டில வைச்சிருக்கிறன், சம்பலுக்கு வாரத்தில ரெண்டு தரம் கிள்ளுறன். கங்குன் தண்ணிக்க வளருற கீரை, அதுக்கு ஓட்டையே இல்லாத வாளி எண்டாலும் சரி, சேத்துக்க நிண்டு சிரிக்கும். பொன்னாங்காணியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, 2009இல மெனிக்பாம் அகதி முகாமில ரென்ற் வாசலில பால்மா ரின்னுக்குள்ள தடி குத்தினவள் நீ. அண்டைக்கு நீ தந்த நாலு தடிதான் எனக்கு ஊரில முதல் கீரை, பேந்து ஒரு வறட்சியில அது போச்சு, இப்ப நிக்கிறது சந்தையில வாங்கின இனம், இலை பெரிசு, ஆனா ருசி அந்தளவு இல்லை.

இஞ்சத்தைப் புதினம், இவருக்கு முழங்கால் வருத்தம் கூடிப்போச்சு, சின்னவளுக்குக் கிளிநொச்சியில வேலை சரிவந்திட்டுது, பஸ்ஸில போய் வாறாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாறன் எண்டு சொல்லி என்னை ஏமாத்தினாய், மீன் வாங்கி வைச்சு பாத்துக்கொண்டிருந்தனான், கோவம் இன்னும் போகேல்ல. ஐப்பசி மழைக்கு முதல் ஒருக்கா வா, மழை தொடங்கினா வாளியெல்லாம் தூக்கித் தாவாரத்துக்க வைக்க வேணும், கைக்கு ஆளும் வேணும். உன்னட்ட அந்தப் பழைய பொன்னாங்காணி நிண்டால் ஈரத்துணியில சுத்தி ஒரு பிடி தடி கொண்டு வா.

புதுச்சாடிக்கு ஓட்டை போட்டனியோ? அதை முதல்ல பார். மாத்திப்போட்டுப் படம் அனுப்பு, இலையின்ர படம் இல்லை, வேரின்ர படம்.